எங்க கார் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் எல்கேஜில இருந்து இங்கிலீஷ் மீடியம். பன்னிரண்டாவது தமிழ்ப் பேப்பருக்கு அப்புறம் தமிழ்ல இவ்வளவு நீளமா எழுதுறது இதுதான் முதல் தடவை. எடிட்டர் டீம்ல இருக்கிற என் ரூம்மேட், "ப்ராஜெக்ட் ரிப்போர்ட் மாதிரி எழுதாதடா, நம்ம பசங்ககிட்ட பேசுற மாதிரி எழுது"ன்னு சொன்னான். அதனால தப்பு இருந்தா அவனைப் பிடிங்க.

உங்க வீட்டுல கார் இருந்தா ஸ்டியரிங்குக்குப் பின்னாடி இருக்கிற மீட்டரைப் பார்த்திருப்பீங்க. ஸ்பீடு முள், ஆர்பிஎம் முள், டீசல் முள், கீழே சின்ன டிஸ்ப்ளேல ஒரு நம்பர். அந்த நம்பரைப் பத்திதான் இந்தக் கட்டுரை. அந்த நம்பர் எங்கே உட்கார்ந்திருக்கு, யார் அதை எழுதுறாங்கன்னு இந்தப் பொங்கல் லீவு வரைக்கும் நான் யோசிச்சதே இல்ல.

எங்க ஊர் ஆத்தூர். சேலத்துல இருந்து ஐம்பது கிலோமீட்டர் இருக்கும். அப்பா உரக்கடை வச்சிருக்கார். உரக்கடைன்னா கல்லாவுல உட்கார்ந்திருக்கிற வேலைன்னு நினைக்காதீங்க, பாதி வேலை வெளியேதான். கெங்கவல்லி, தம்மம்பட்டி, தலைவாசல்னு கடன் வாங்கினவங்களைத் தேடிப் போய் வசூல் பண்ணணும். மரவள்ளிக்கிழங்கு வெட்டி, சேகோ ஃபேக்டரில இருந்து பணம் வந்தாதான் எங்களுக்குப் பணம். அதுக்காக 2017 ஜூன்ல ஒரு செகண்ட் ஹேண்ட் டீசல் கார் வாங்கினார். 2012 மாடல். கம்பெனி பேர் வேண்டாம், பாவம்.

அந்த கார் போன நவம்பர்ல இருந்து மக்கர் பண்ண ஆரம்பிச்சுது. முதல்ல டீசல் முள் மட்டும் விழும். அப்புறம் ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கினா நாலு முள்ளும் ஒண்ணா பூஜ்யத்துக்கு விழுந்து, திரும்ப எழுந்து நிற்கும். அப்பா டேஷ்போர்டு மேல உள்ளங்கையால ஒரு தட்டு தட்டுவார், சரியாகிடும். வீட்டுல டிவி ரிமோட்டுக்கும் இதே வைத்தியம்தான். ஒருநாள் ராத்திரி சேலத்துல இருந்து வரும்போது வாழப்பாடி தாண்டினதும் மொத்தமா இருட்டாகிடுச்சு. தட்டினார், குத்தினார், ஒண்ணும் வரல. மிச்ச தூரத்தை இன்ஜின் சத்தத்தைக் காதால கேட்டே ஓட்டிட்டு வந்தார்.

சேலம் சர்வீஸ் சென்டர்ல கேட்டா, "ரிப்பேர் எல்லாம் கிடையாதுங்க, மொத்த யூனிட்டும் மாத்தணும். 26,000 ஆகும், ஆர்டர் போட்டா பத்து நாள்"னு சொல்லிட்டாங்க. காரையே விக்கலாம்னு பேசிட்டிருந்த நேரம் அது. இந்த வருஷம் தங்கச்சி காலேஜ் சேரணும். விக்கப்போற காருக்கு 26,000 போட அப்பாவுக்கு மனசு வரல. என்னைப் பார்த்தார்.

"நீ இசிஇ தானடா படிக்கிற?"

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் நான் ஊர்ப்பக்கம் போறதே குறைச்சல்.

ஹாஸ்டல்ல இருந்து ஒரு ஓபிடி ஸ்கேனர் கடன் வாங்கிட்டுப் போயிருந்தேன். ஸ்டியரிங்குக்குக் கீழே பதினாறு பின் உள்ள ஒரு சாக்கெட் இருக்கும், அதுல மாட்டினா கார் என்ன நினைக்குதுன்னு போன்ல தெரியும். மாட்டினதும் யு0155னு ஒரு கோடு வந்தது. அர்த்தம், மீட்டரோட பேச்சு கட்டாகிடுச்சு. ஆனா அதே போன்ல ஸ்பீடு வருது, ஆர்பிஎம் வருது. அப்போ இன்ஜின் கம்ப்யூட்டர் நல்லாத்தான் இருக்கு, சொல்றதைக் கேட்க மீட்டர்தான் ஆளில்லை. பேட்டரியைக் கழற்றிட்டு ஆறாவது பின்னுக்கும் பதினாலாவது பின்னுக்கும் நடுவுல மல்டிமீட்டர் வச்சேன். 60 ஓம்ஸ். அதுவும் சரி. கேன் பஸ்ஸோட ரெண்டு முனையிலயும் 120 ஓம்ஸ் ரெசிஸ்டர் இருக்கும், ரெண்டும் பேரலல்ல சேர்ந்தா 60. இதை நாம செமஸ்டர்ல எழுதியிருக்கோம். பாஷ் கம்பெனி 1986-ல டெட்ராய்ட்ல அறிமுகம் பண்ணின கேன் ப்ரோட்டோகால் பத்தி 13 மார்க்குக்கு நாலு பக்கம் எழுதினவன் நான். அது எங்க வீட்டு வாசல்ல நிக்கிற கார்ல ஓடிட்டிருக்குன்னு அன்னிக்குத்தான் உடம்புக்குத் தெரிஞ்சுது.

மீட்டரைக் கழற்றினேன். ஸ்டியரிங்கைக் கீழே இறக்கிட்டு ரெண்டு ஸ்க்ரூ எடுத்தா கையோட வந்துடுது. திறந்து பார்த்தா கனெக்டர் பின் அடியில ஈயம் வட்டமா கீறல் விட்டிருந்தது. பன்னிரண்டு வருஷம் எங்க ஊர் ரோட்டுல குலுங்கினதுக்கு அது சாட்சி. சால்டரிங் வச்சா முடிஞ்சுது, 26,000 மிச்சம்னு அப்பாகிட்ட பந்தாவா சொல்லிட்டேன். அப்புறம் என்ன நடந்துச்சுன்னு சுருக்கமா சொல்றேன். அயர்னை ரொம்ப நேரம் வச்சேன். போர்டுல இருந்த பேடு பிஞ்சு தூக்கிடுச்சு. பக்கத்துல இருந்த ட்ரேக்கும் கூடவே வந்துடுச்சு. அரை உயிரா இருந்த மீட்டரைக் கொன்னது நான்தான்.

எங்க ஊர் மெக்கானிக் அண்ணன் இருக்கார். அப்பாவோட டிவிஎஸ் ஃபிப்டி காலத்துல இருந்து பழக்கம். அவர் சென்னை புதுப்பேட்டையில தெரிஞ்சவங்ககிட்ட போன் போட்டு, அதே பார்ட் நம்பர் உள்ள பழைய மீட்டர் ஒண்ணை 4,500-க்குப் பேசி முடிச்சார். பார்சல் சர்வீஸ்ல மூணாம் நாள் வந்தது. மாட்டினோம். நாலு முள்ளும் அழகா ஒரு சுத்து போய்த் திரும்பி வந்தது. டிஸ்ப்ளேல 93,207னு காமிச்சது. எந்த ஊர்ல எந்தக் குடும்பம் ஓட்டின 93,207-ஓ. சாவியைத் திருப்பினோம், இன்ஜின் ஸ்டார்ட் ஆச்சு. ரெண்டே செகண்டுல ஆஃப். மறுபடி ஸ்டார்ட், மறுபடி ரெண்டு செகண்டு. மீட்டர்ல சாவி படம் போட்ட லைட் மின்னிக்கிட்டே இருந்தது.

இம்மொபிலைசர். உங்க கார் சாவியோட தலைக்குள்ள பேட்டரியே இல்லாத ஒரு குட்டி சிப் இருக்கு. சாவித்துவாரத்தைச் சுத்தி இருக்கிற காயில் அதுக்குக் கரண்ட் குடுத்து, "நீ யாரு"ன்னு கேட்கும். பதில் சரியா இருந்தாதான் இன்ஜினுக்கு டீசல் போகும். அந்தக் கேள்வி கேட்கிற வாட்ச்மேன் சில கார்கள்ல தனிப் பெட்டியில இருப்பான், சில கார்கள்ல மீட்டருக்குள்ளயே இருப்பான். எங்களோடது ரெண்டாவது வகை. புதுப்பேட்டையில இருந்து வந்த வாட்ச்மேனுக்கு எங்க சாவியையும் தெரியல, எங்க இன்ஜினையும் தெரியல. அவன் பண்ணினது சரிதான். மீட்டரை மாத்தி காரைத் திருடிட்டுப் போக முடிஞ்சா அப்புறம் பூட்டு எதுக்கு?

ஆனா அதே பூட்டுதான் நம்மையும் சர்வீஸ் சென்டர் வாசல்ல கொண்டுபோய் நிறுத்துது. 2022 டிசம்பர்ல மத்திய அரசு ரைட் டு ரிப்பேர்னு ஒரு போர்ட்டல் ஆரம்பிச்சாங்க. விவசாயக் கருவி, மொபைல், வீட்டுச் சாமான், வண்டின்னு நாலு துறை. ரிப்பேர் தகவலைக் கம்பெனிங்க வெளியில சொல்லணும்னு நோக்கம். நல்ல விஷயம். ஆனா என் மீட்டருக்கு அதுல மருந்து கிடைக்கல. வேற வழி தேடினேன்.

வழி பழைய மீட்டருக்குள்ளயே இருந்தது. போர்டு செத்தாலும் அதுல எட்டுக் கால் உள்ள ஒரு சின்ன சிப் உயிரோட இருந்தது. 24சி16, ஈஈப்ராம். கரண்ட் போனாலும் மறக்காத மெமரி. மொத்தமே 2,048 பைட். உங்க வாட்ஸ்அப் குட்மார்னிங் படம் ஒண்ணோட சைஸ்ல நூத்துல ஒரு பங்கு கூட இல்ல. ஆனா சாவி விவரம், வாட்ச்மேனோட ரகசிய எண், டீசல் டேங்க் அளவு, கிலோமீட்டர் எல்லாம் அதுக்குள்ளதான். அதை அப்படியே எடுத்து புதுப்பேட்டை மீட்டரோட சிப்புல எழுதிட்டா, அந்த மீட்டர் தன்னை எங்க மீட்டர்னு நம்பிடும். ரெண்டுக்கும் பார்ட் நம்பரும் சாஃப்ட்வேர் வெர்ஷனும் ஒண்ணா இருக்கணும், அவ்வளவுதான். ப்ரோக்ராமிங்னு பெரிய பேர் வச்சாலும் நான் பண்ணினது இந்த மூளை மாத்து ஆபரேஷன்தான்.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற யூஎஸ்பி ப்ரோக்ராமர், சிப்பைக் கவ்விப் பிடிக்க ஒரு கிளிப். வீட்டு மொட்டை மாடி ரூம்ல லேப்டாப்போட உட்கார்ந்தேன். பேடு தூக்கின அனுபவத்துக்கு அப்புறம் கை கொஞ்சம் நடுங்கிச்சு. மூணு தடவை ரீட் பண்ணி, மூணும் ஒரே மாதிரி இருக்கான்னு கம்பேர் பண்ணி, பென் டிரைவ்ல ஒண்ணு, மெயில்ல ஒண்ணுன்னு காப்பி வச்சேன். நீங்க எப்பவாச்சும் இதைச் செஞ்சா அதை மட்டும் விட்டுடாதீங்க. அந்த 2,048 பைட் போச்சுன்னா காரோட சாவியே போன மாதிரி.

அந்த ராத்திரி வேலை முடிஞ்சிருக்கணும். காப்பி பண்ணினா போதும். ஆனா எனக்கு அந்த நம்பரைப் பார்க்கணும்னு ஆசை வந்துடுச்சு.

அப்பாகிட்ட ஒரு பழக்கம். டீசல் போடும்போதெல்லாம் தேதி, லிட்டர், கிலோமீட்டர் மூணையும் ஒரு டைரில எழுதுவார். உரக் கம்பெனி ஓசில குடுத்த டைரி. 2017 ஜூன்ல முதல் வரி 64,180. அதுல இருந்து ஒரு வரி விடாம இருக்கு. மீட்டர் முழுசா சாகுறதுக்கு முன்னாடி கடைசி வரி 1,87,412. போட்டுட்டு அப்புறம் ஓடின தூரம் ரொம்பக் குறைச்சல்.

1,87,412-ஐ ஹெக்ஸ்ல மாத்தினா 02 டிசி 14. டம்புல தேடினேன். இல்ல. வரிசையைத் திருப்பிப் போட்டுத் தேடினேன். இல்ல. ராத்திரி ஒரு மணிக்கு, எல்லா பிட்டையும் தலைகீழாக்கி, பூஜ்யத்தை ஒண்ணாவும் ஒண்ணைப் பூஜ்யமாவும் மாத்திப் பார்க்கலாம்னு தோணுச்சு. 02 டிசி 14 அப்படி மாறினா எஃப்டி 23 ஈபி. எஃப்டி 23 இருந்தது! கடைசி பைட் மட்டும் கொஞ்சம் கம்மி, ஏன்னா கார் அதுக்கப்புறம் பத்தொன்பது கிலோமீட்டர் ஓடியிருக்கு. ஒரு இடத்துல இல்ல, பக்கத்துப் பக்கத்துல பல இடத்துல ஒரு கிலோமீட்டர் ரெண்டு கிலோமீட்டர் வித்தியாசத்துல. அதுக்குக் காரணம் இருக்கு. இந்த மாதிரி சிப்புல ஒரே இடத்துல தோராயமா பத்து லட்சம் தடவைதான் எழுதலாம், அப்புறம் அந்த இடம் தேய்ஞ்சுடும். அதனால மீட்டர் சுத்திச் சுத்தி வேற வேற இடத்துல எழுதும். நாம பரீட்சை ஹால்ல ஒரே பேனாவை நம்பாம ரெண்டு மூணு கொண்டு போற மாதிரின்னு வச்சுக்கோங்க.

எட்டு வருஷமா அப்பா கையால எழுதினதும் மெஷின் தனக்குத்தானே எழுதினதும் ஒத்துப்போச்சு. 1,87,431. அந்த ஒரு மணிக்கு எனக்கு வந்த சந்தோஷம் எந்த லேப்லயும் வந்ததில்ல.

மறுநாள் காலையில மெக்கானிக் அண்ணன் வந்தார். ஸ்க்ரீனைக் காமிச்சு விளக்கினேன். அவர் கவனமா கேட்டுட்டு அப்பாகிட்ட திரும்பினார்.

"அண்ணே, தம்பிதான் உள்ளயே போயிட்டானே. எப்படியும் எழுதத்தானே போறான்? ஒரு 98 வச்சுடச் சொல்லுங்க. ஒண்ணு எம்பத்தேழுன்னா ரெண்டு எம்பதுக்கு மேல எவனும் கேட்க மாட்டான். ஒரு லட்சத்துக்குள்ள இருந்தா மூணு நாப்பது கண்ணை மூடிட்டுப் போகும். சேலத்துல இதுக்குன்னே ஆளு இருக்கான், ஆயிரத்தைநூறு வாங்குறான்."

அவரைக் கெட்டவர்னு நினைச்சுடாதீங்க. மழைல வண்டி நின்னா ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வந்து இழுத்துட்டுப் போற மனுஷன். அவருக்கு இது கார் விக்கிறதுக்கு முன்னாடி வாட்டர் வாஷ் பண்ற மாதிரி ஒரு வேலை. அப்பா உடனே ஒண்ணும் சொல்லல. அண்ணன் போனதுக்கு அப்புறம், கடைக்குக் கிளம்புறப்ப, செருப்பைப் போட்டுக்கிட்டே கேட்டார்:

"அது மாதிரி மாத்த முடியுமாடா?"

முடியும்னேன். சரி, யோசிப்போம்னு போயிட்டார். அறுபதாயிரம் ரூபாய். தங்கச்சியோட ஹாஸ்டல் ஃபீஸ்.

இப்போ உண்மையைச் சொல்றேன். நான் மாத்தினேன். கார்ல இல்ல, மாடி ரூம்ல, 12 வோல்ட் சப்ளை குடுத்து மேஜை மேல வச்ச புதுப்பேட்டை மீட்டர்ல. முடியுதான்னு பார்க்கத்தான்னு எனக்கே சொல்லிக்கிட்டேன். எழுதி, கிளிப்பை எடுத்து, பவர் குடுத்தேன். 98,412. ஒரு வார்னிங் இல்ல, ஒரு எரர் இல்ல. ஒன்றரை நிமிஷத்துல எண்பத்தொன்பதாயிரம் கிலோமீட்டர் காணாமப் போச்சு. அப்பா வெயில்ல அலைஞ்ச அஞ்சு வருஷம். பயமா இருந்திருக்கணும். ஆனா கெத்தாத்தான் இருந்தது. போட்டோ எடுத்து ஹாஸ்டல் குரூப்ல போட்டேன், பதினேழு தீ எமோஜி வந்தது.

இது புதுசா வந்த வித்தை இல்ல. கேபிள் மீட்டர் காலத்துல கியர்பாக்ஸ்ல இருந்து வர்ற கேபிளைக் கழற்றி டிரில்லிங் மெஷின்ல மாட்டித் தலைகீழா சுத்துவாங்களாம், அண்ணனே சொல்லியிருக்கார். பெரிய இடத்துலயும் நடந்திருக்கு. அமெரிக்காவுல கிரைஸ்லர் கம்பெனி, தன்னோட அதிகாரிங்க புது கார்களை ஓடோமீட்டர் கனெக்‌ஷனைக் கழற்றிட்டு ஓட்டினதையும், அப்புறம் அதே கார்களைப் புதுசுன்னு வித்ததையும் 1987-ல கோர்ட்டு வழக்குக்கு அப்புறம் ஒத்துக்கிச்சு. அறுபதாயிரத்துக்கும் மேல கார்கள். கம்பெனித் தலைவர் லீ அயகோக்கா பத்திரிகைக்காரங்க முன்னாடி வந்து மன்னிப்பு கேட்டார். அந்த நாட்டுல 1972-லயே அதுக்குச் சட்டம் இருந்தது. கார் கை மாறும்போது கிலோமீட்டரை எழுதிக் கையெழுத்துப் போடணும். பெல்ஜியத்துல 2006-ல இருந்து கார்-பாஸ்னு ஒண்ணு கட்டாயம். ஒவ்வொரு சர்வீஸ்லயும் கிலோமீட்டர் பதிவாகும், விக்கும்போது அந்தத் தாளைக் குடுத்தே ஆகணும். நம்ம ஆர்சியை எடுத்துப் பாருங்க. இன்ஜின் நம்பர் இருக்கு, சேசிஸ் நம்பர் இருக்கு, கலர் கூட இருக்கு. கிலோமீட்டருக்கு ஒரு கட்டம் இல்ல. அப்போ அந்த எட்டுக் கால் சிப்பைத் தவிர யாருக்கும் எதுவும் தெரியாது.

இன்ஜின் கம்ப்யூட்டர்கிட்டயாவது கேட்கலாமேன்னு ஸ்கேனர்ல பார்த்தேன். கடைசியா எரர் கோடு அழிச்சதுக்கு அப்புறம் எவ்வளவு தூரம் ஓடியிருக்குன்னு ஒரு கணக்கு அதுல உண்டு. 65,535 கிலோமீட்டர்னு காமிச்சது. சிரிச்சுட்டீங்கன்னா நீங்களும் நம்ம டிபார்ட்மெண்ட். ரெண்டு பைட்டுக்கு அதுக்கு மேல எண்ணத் தெரியாது, அங்கயே நின்னுட்டிருக்கு.

அன்னிக்குச் சாயங்காலம் மீட்டரை மாட்டறதுக்கு முன்னாடி எர்த் வயர் நல்லா இருக்கான்னு பார்க்கலாம்னு கிளவ் பாக்ஸைக் கழற்றினேன். பின்னாடி இடுக்குல தூசியோட தூசியா ஒரு தாள் மடங்கிக் கிடந்தது. ஏதோ பழைய சர்வீஸ் பில்லு. எங்க வண்டி நம்பர். ஆனா தேதி 2016 பிப்ரவரி. அப்பா வாங்குறதுக்கு ஒரு வருஷத்துக்கு மேல முன்னாடி. ஆயில், ஆயில் ஃபில்டர், பிரேக் பேடு. மேல வலது மூலையில கிலோமீட்டர் கட்டத்துல 1,12,340.

ஏழாவது தடவை படிச்சப்பவும் 1,12,340தான்.

2016 பிப்ரவரில 1,12,340 ஓடின கார், 2017 ஜூன்ல அப்பா கைக்கு வரும்போது 64,180. நான் ராத்திரி ஒரு மணிக்குக் கண்டுபிடிச்சு சந்தோஷப்பட்ட அந்த நம்பர், அப்பா எட்டு வருஷமா டைரில எழுதின நம்பர், எல்லாமே யாரோ ஒருத்தன் என்னை மாதிரியே மேஜை மேல வச்சு எழுதினதோட தொடர்ச்சி. குறைஞ்சது 48,160 கிலோமீட்டர் காணோம்.

கடை சாத்துற நேரத்துக்குப் போய் பில்லை அப்பா கைல குடுத்தேன். கண்ணாடி போட்டுக்கிட்டு படிச்சார். ஒண்ணும் பேசல. டிராயரைத் திறந்து டைரியை எடுத்து முதல் பக்கத்தைப் பார்த்தார். அப்புறம் 2019 பக்கத்துக்குப் போனார். எனக்குப் புரியல. அவரே சொன்னார்:

"பெல்ட்டுடா."

2019-ல ஓடிட்டிருக்கும்போதே டைமிங் பெல்ட் அறுந்து, வால்வு எல்லாம் வளைஞ்சு, 38,000 செலவாச்சு. கம்பெனி புக்குல 1,20,000-ல பெல்ட் மாத்தணும்னு இருக்கு. மீட்டர் அப்போ 96,000-ல இருந்தது. "இவ்வளவு சீக்கிரம் எப்படி அறுந்துச்சு, டூப்ளிகேட் பெல்ட்டா இருக்கும்"னு அண்ணன் தலையைச் சொறிஞ்சது எனக்கே ஞாபகம் இருக்கு. அன்னிக்கு அந்த கார் நிஜமா ஓடியிருந்தது குறைஞ்சது 1,44,000. பெல்ட் சீக்கிரம் அறுகல, இருபத்துநாலாயிரம் கிலோமீட்டர் கூடுதலா தாங்கியிருக்கு. அறுந்தப்போ பின்சீட்டுல நானும் தங்கச்சியும் இருந்தோம். தலைவாசல் பக்கம், பின்னாடி லாரி.

"அந்த ஆளு வீட்டுல உட்கார்ந்து சாப்பிட்டேன்டா நான்," அப்படின்னார் அப்பா. "வடை பாயசத்தோட போட்டாங்க." கோபமா சொல்லல. ஏதோ தான் தப்பு பண்ணின மாதிரி சொன்னார். நான் ஃபோன்ல இருந்த 98,412 போட்டோவை அவர்கிட்ட காமிக்கல. வெளியே போய் குரூப்ல இருந்தும் அழிச்சேன், எல்லாரும் ஏற்கெனவே பார்த்தாச்சு.

அப்புறம் ஒரு சிக்கல். எந்த நம்பரை எழுதறது? 98,412 இனிமே இல்லைன்னு ஆச்சு, அதை அப்பா சொல்லவும் இல்ல, நான் கேட்கவும் இல்ல. 1,87,431 எழுதினா அது சிப்புல இருந்த நம்பர், ஆனா பொய். 48,160-ஐக் கூட்டி 2,35,591 எழுதலாமா? அதுவும் சரியில்ல. பில்லுக்கும் 2017 ஜூனுக்கும் நடுவுல பதினாறு மாசம் எவ்வளவு ஓடுச்சுன்னு யாருக்குத் தெரியும்? ரூம்மேட்டுக்கு போன் போட்டேன். அவன் "கூட்டி எழுதறதும் டேம்பரிங்தான்டா, நல்ல எண்ணத்துல பண்ற டேம்பரிங்"னான். அவன் பிளேஸ்மெண்ட் இன்டர்வியூல கூட இவ்வளவு தெளிவா பேசினதில்ல.

கடைசில முதல் நாள் எடுத்த டம்பை ஒரு பைட் மாத்தாம அப்படியே எழுதினேன். மாட்டினோம். முள் நாலும் சுத்தி வந்தது. சாவி லைட் ஒரு செகண்ட் எரிஞ்சு அணைஞ்சுது. இன்ஜின் ஓடுச்சு, ரெண்டு செகண்ட் தாண்டி ஓடிக்கிட்டே இருந்தது. 1,87,431. அப்பா பில்லை ஜெராக்ஸ் எடுத்து ஒரு காப்பியை ஆர்சியோட அதே கவர்ல வச்சார். மெக்கானிக் அண்ணன்கிட்ட விஷயத்தைச் சொன்னப்ப, அவர் பில்லை விட்டுட்டு பெல்ட் கணக்கைத்தான் திரும்பத் திரும்பப் போட்டார். "அப்ப பெல்ட்டு ஒரிஜினல்தான், நான்தான் கடைக்காரனைத் திட்டிட்டேன்"னார்.

பொங்கல் முடிஞ்ச ஞாயித்துக்கிழமை கார் பார்க்க ஒரு பெரியவர் வந்தார். கெங்கவல்லி பக்கம் மரவள்ளி விவசாயி, எங்க கடையில பல வருஷமா உரம் வாங்குறவர். பையனுக்கு கார் வேணுமாம். அப்பா காலையில இருந்தே ஒரு மாதிரி இருந்தார். எங்கே ஆரம்பிச்சு எப்படிச் சொல்றதுன்னு அம்மாகிட்ட ரெண்டு தடவை ஒத்திகை பார்த்தார். பில்லு சட்டைப் பாக்கெட்டுல.

பெரியவர் பானெட்டைத் திறக்கச் சொல்லல. சாவியையும் கேட்கல. டிரைவர் கதவைத் திறந்து, வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு அப்படியே குந்தி உட்கார்ந்தார். பிரேக் பெடல் மேல இருக்கிற ரப்பரைக் கட்டை விரலால தடவினார். கிளட்ச் ரப்பரையும் தடவினார். ஓரம் ரெண்டும் தேய்ஞ்சு வழவழன்னு இருந்தது. நான் தினமும் பார்த்த பெடல்தான், ஒரு நாளும் கண்ணுல படல.

"ரெண்டரை லட்சம் ஓடியிருக்குங்களா கடைக்காரரே?"

அப்பா என்னைப் பார்த்தார். அப்புறம் பாக்கெட்டுல இருந்து பில்லை எடுத்து அவர்கிட்ட குடுத்துட்டு, எல்லாத்தையும் சொன்னார். ஒத்திகை பார்த்த மாதிரி வரல, முன்னும் பின்னுமா வந்தது. நடுவுல பெல்ட் கதை, சாப்பாட்டுக் கதை எல்லாம். பெரியவர் தாளைக் கண்ணுக்குக் கிட்ட வச்சுப் பார்த்துட்டுத் திருப்பிக் குடுத்தார்.

"மீட்டரு இப்ப ஓடுதுங்களா?"

"ஓடுதுங்க அய்யா. பையன்தான் மாத்தினான்."

"ஸ்பீடு சரியா காட்டுமா கண்ணு?" இது என்கிட்ட. "எம்பையன் கண்ணு மண்ணு தெரியாம ஓட்டுவான். அவன்கிட்ட கேட்டா அறுவதுலதான் வந்தேம்பான்."

ஸ்கேனரோட ஒப்பிட்டுப் பார்த்துட்டேன், சரியா காட்டும்னு சொன்னேன். ரெண்டு எழுவதுக்கு முடிஞ்சுது. பெல்ட் அடுத்து எப்போ மாத்தணும்னு கேட்டார். அதை மட்டும் அப்பா டைரியைப் பார்த்து, 2019-ல மாத்தின தேதியோட, ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்தார்.